வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஹட்டன் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மறியல் வீடு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில், தேயிலைத் தோட்டங்களில் பிடித்தவர்களை வழக்குக்கு முன் அங்கேதான் அடைத்து வைப்பார்களாம். பொலிஸ் வேறு கட்டடத்துக்குப் போனபின், நான் வேலை செய்த புடவைக் கடை முதலாளி அதை வாங்கினார். சுண்ணாம்பு அடித்து, ஜன்னல்களைப் பெரிதாக்கி, குடும்பத்தோடு முன்பக்கம் குடிவந்தார். பின்னறை ஒன்றை எனக்கும் மனைவிக்கும் கொடுத்தார். நல்ல பலகை என்பதால் அந்த அறைக் கதவை மட்டும் மாற்றவில்லை. அதற்குத் தாழ்ப்பாள் வெளியேதான்.

என் மாமனார் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். நெஞ்சில் நோய் கண்டு, டவுன் ஆசுபத்திரியில் தினமும் ஊசி போடவேண்டும் என்றார்கள். எங்களோடு தங்க அழைத்து வந்தோம். முற்றத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டார்.

"மாப்ள, இந்த எடமாங்க? ஸ்ட்ரைக்கப்போ எங்கள இங்கதான் போட்டிருந்தாங்க."

கதவைச் சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டியது. திறந்து வைத்தால் பனிக்காற்றில் இருமல் கூடியது. இப்படியே போனால் ஊசி போட்டும் பிழைப்பாரா என்று மனைவி கலங்கினாள். தாழ்ப்பாளைக் கழற்றலாமா என்று முதலாளியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சுத்தியலால் தட்டித் தாழ்ப்பாளின் கம்பியை உருவி, அவரிடம் கொடுத்தாள்.

"இந்தாங்கப்பா. இனிமே நீங்கதான் ஜெயிலரு."

அவர் சிரித்துவிட்டார். கம்பியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சாத்தும்மா" என்றார். அதன்பிறகு தூங்கினார். இருமலும் தணிந்து வந்தது.

ஒருநாள் முதலாளி பின்பக்கம் வந்தார்.

"என்னப்பா, தாப்பாக் கம்பியக் காணோம்?"

தலையைக் குனிந்துகொண்டே, மாமா முன்பு இங்கே அடைபட்டிருந்ததைச் சொன்னேன்.

"அட, எனக்கு முந்தியே குடியிருந்தவரா!" என்று முதலாளி சிரித்தார். "அதுக்காக வீட்டுச் சாமானக் கழட்டுறதா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் உள்ளே மாமா எழுந்துவிட்டார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் கம்பியை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா."

தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பதைப் போலவே நின்றார்.

மறுநாள் காலை கம்பளியைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். மனைவி பஸ் வரைக்கும் கெஞ்சிப் பார்த்தாள். கேட்கவில்லை. ஊசி பாதியில் நின்றது.

நாங்கள் வேறு அறை தேடினோம். கிடைத்த அறைக்குத் தாழ்ப்பாள் உள்ளே இருந்தது. அதைச் சொல்லி மாமாவை அழைத்துவரத் தோட்டத்துக்குப் போனோம். அதற்குள் அவரால் லயத்து வீட்டின் வாசல்வரை கூட நடக்க முடியவில்லை.