உண்டியலான கம்ப்யூட்டர்

களக்காட்டு வாழை விவசாயி மகள் பிரேமலதா. தொண்ணூற்று மூன்றில் வண்ணார்பேட்டைப் பள்ளியொன்றில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தவை நாலு இயந்திரங்கள், நாலுக்கும் துணி உறை, உறையைக் கழற்ற விடாத தாளாளர் பாபநாசம் பிள்ளை. மாணவர்கள் செருப்பை வெளியே விட்டு வந்து, கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். புரோகிராம் எல்லாம் கரும்பலகையில்தான். அந்தப் பக்தியே அவளுக்குக் குமட்டும்.

மன்றாடித்தான் உறையைக் கழற்றினாள். செய்முறைத் தேர்வுக்குள் ஒவ்வொரு மாணவரும் தான் எழுதிய புரோகிராமை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். முதலில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு வரிசை வைத்தாள். மந்தமான ஒன்றின் முன்னால் வரிசை தேங்கி நிற்க, அடுத்தது சும்மா கிடந்தது. பிறகு எல்லாருக்கும் ஒரே வரிசை. எது காலியோ அங்கே அடுத்த ஆள். பெரிய கணக்கையும் அதே முறையில் துண்டு துண்டாகப் பிரித்தாள். முடித்த இயந்திரத்துக்கு அடுத்த துண்டு. விடைகளைப் பிளாப்பி வட்டில் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்தாள்.

"நாலு ஏர் ஒரே வயல்ல எறங்குன மாதிரில்லா இருக்கு!" என்றாள் சுடலைவடிவு. வரிசையில் கடைசி மாணவி அவள். "எம் முறை எப்ப டீச்சர்?"

"ஆயுத பூஜை முடியட்டும், ஓம் முறைதான்."

பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் அப்பி, மேலே சர்க்கரைப் பொங்கலை வைத்தார்கள். பெற்றோர் தொட்டுக் கும்பிட வந்தார்கள். யாரோ ஒருவர் பிளாப்பி சொருகும் வாயைப் பார்த்தார். காசைப் போட்டார். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள்.

"ஐயா, அது உண்டியல் இல்ல. நிறுத்தச் சொல்லுங்க!"

"சும்மா இருங்க டீச்சர். சரசுவதிக்குல்லா போடுதாங்க." பிள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காசை உள்ளே தள்ளினார்.

மறுநாள் விசைகளின் இடுக்கில் நெய்ப்பிசுக்கு, எறும்புச் சாரை. பிளாப்பி சொருகினால்தான் எழும் இயந்திரங்கள்; வாயைக் காசு அடைத்திருந்ததால் நாலும் எழவில்லை. காசை எடுக்க ஆள் கூப்பிடலாமென்றாள்.

"சாமி காசுல கை வைக்கவா? வேல வேண்டாமா ஒங்களுக்கு?" பிள்ளை அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

செய்முறைத் தேர்வுக்கு வந்த தேர்வாளர் அல்வாவைத் தின்று விரலை நக்கினார். "கரண்ட் இல்லன்னு எழுதிக்கிடுதேன்" என்றார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மனப்பாட விடைகளுக்கு முழு மதிப்பெண், எல்லாருக்கும்.

அந்த முழு மதிப்பெண்ணுக்காக ஆண்டு விழா மேடையில் பிள்ளை அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். சந்தன வாடை. கீழே சுடலைவடிவு நின்றாள்.

"டீச்சர், இப்பமாச்சும் ஒருதரம் ஓட்டிப் பாக்கட்டா?"

விருந்தினர் பார்வைக்காகக் கம்ப்யூட்டர் அறை திறந்திருந்தது. அவளை அங்கே கூட்டிப்போன பிரேமலதா பொன்னாடையை உருவி மேசையில் விரித்தாள். ஓர் இயந்திரத்தைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்து உலுக்கினாள். செத்த எறும்புகளோடு பிசுபிசுத்த காசுகள் விழுந்தன. வாசலில் பிள்ளை கத்தினார். அவள் திரும்பவில்லை. இயந்திரத்தை நிமிர்த்தி வைத்துப் பிளாப்பியைச் சொருகினாள்.

"உக்காரு ட்டி" என்றாள் சுடலைவடிவிடம்.