இருபது பேரில் மூன்றாவது வரி

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருபது பெயர்கள். தட்டச்சு செய்த தாள். வலது மூலையில் மலை ஈரம் ஏறி ஒரு பழுப்பு வட்டம். எண், பெயர், ஆடும் இடம், பிறந்த தேதி, அணி என்று ஐந்து கட்டங்கள். அண்டை நாடுகள் கூடி ஆடும் கால்பந்துப் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போகிறவர்களின் பட்டியல் அது. முதல் மூன்று வரிகளும் கோல்கீப்பர்கள். மூன்றாவது வரியின் கீழே சிவப்பு மையில் ஓர் அடிக்கோடு. அதைப் போட்டவர் என் மச்சான், அக்காவின் கணவர். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய கல்லாப்பெட்டிக்கு மேலே இருபத்தைந்து வருடத்துக்கும் அதிகமாக அந்தச் சட்டம் தொங்கியது. மிளகும் ஏலக்காயும் வாங்க வரும் சுற்றுலாக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, இது என்ன என்று கேட்பார்கள். மச்சான் அதற்காகவே காத்திருப்பார். "நம்ம கரடியூர்ப் பையன்தானுங்க. இந்தியா டீமு. நாந்தான் அனுப்பிச்சு வெச்சேன்." உடனே ஏலக்காய் ஐம்பது கிராம் கூடுதலாக விற்கும்.

அந்தப் பையன் இந்தியாவுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. விமானமே ஏறவில்லை. அப்படி ஆனதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் அந்தச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து பெருமை பேசினார். இன்னொருவர் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டினார். கட்டியவன் நான்.

மச்சானைப் பற்றி நல்லதாக எழுத வேண்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை. மலைக் கால்பந்து மன்றத்தின் தலைவர் என்று ரப்பர் முத்திரை வைத்திருந்தார். பந்தை அவர் உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் மன்றத்து அணி சமவெளிக்கு இறங்கும்போது பதினெட்டுப் பேர் பட்டியல் தயாராகும். அதில் முதல் பெயர் அவருடையது, 'மேலாளர்' என்று. குழுப்படத்தில் நடு நாற்காலியில் அவர் இருப்பார், பந்து அவர் மடியில் இருக்கும். முட்டி பெயர்ந்தவர்களும் உதடு கிழிந்தவர்களும் பின்னால் நிற்பார்கள். ஊர் அவரைப் பாய் என்று கூப்பிடும், அவர் எல்லோரையும் கண்ணு என்பார், சாமி என்பார். அந்தக் கண்ணுவில் வெல்லப்பாகு வழியும். வழிந்த இடத்தில் எறும்பு வருவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கோல்கீப்பர் கரடியூர்க்காரர். சாமையும் காப்பியும் நாலு ஆரஞ்சு மரமும் உள்ள சரிவு நிலம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். கைகள் மட்டும் வேறு யாரிடமிருந்தோ கடன் வாங்கியவை போல நீளம். ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க் கோல் கம்பம் தெரியாது, பந்தும் தெரியாது. உதைபடும் சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் பாய்வார். வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வரும்போது பந்து அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், பனியே ஒரு உருண்டையாக உறைந்து கைக்கு வந்தது போல. சேலத்து அணி அவரைக் கண்டுபிடித்தது. பிறகு சென்னையில் ஒரு கம்பெனி அணி, தற்காலிக வேலை. பிறகு மாநில அணி. ஒவ்வொரு படிக்கும் மச்சான் கடைவாசலில் பட்டாசு வெடித்தார். வெடிச் செலவுக்கு மன்றத்துப் பிள்ளைகள் துண்டு ஏந்தினார்கள். பேர் அவருக்கு.

அந்தக் காலத்தில் கரடியூர், வெள்ளக்கடைப் பக்கத்துக் கடிதங்களுக்கு எங்கள் கடைதான் முகவரி. தபால்காரர் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். சந்தை நாளில் அரிசி வாங்க வருகிறவர்கள் டின்னைக் கிளறித் தங்கள் கடிதத்தை எடுத்துக்கொள்வார்கள். தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கோல்கீப்பரை அழைத்த கடிதமும் அந்த டின்னுக்குத்தான் வந்தது. அவர் காப்பிப்பழம் பறிக்க விடுப்பில் வந்து கரடியூரில் இருந்த நேரம். கடிதத்தோடு ஒரு படிவம். பூர்த்தி செய்து, உள்ளூர் மன்றத் தலைவர் சான்று ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். மச்சான் உறையைப் பிரித்தார். பிறர் கடிதத்தைப் பிரிப்பது பற்றி அவருக்குக் கூச்சம் எப்போதுமே கிடையாது. என் கையெழுத்து அழகாக இருக்கும். கல்லூரி முடித்து வேலையில்லாமல், ரசீதுத் தாளின் பின்பக்கம் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். படிவம் என்னிடம் வந்தது.

"பொறந்த தேதி என்னன்னு போடட்டுமுங்க மச்சான்?"

"அவனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"இருபத்தாறு இருக்குமுங்க."

"இருபத்தாறுன்னு போட்டா கெழவன்னு தள்ளிப்போடுவாங்க சாமி. மூணு கொறச்சுப் போடு. ஊரு ஒலகமே கொறச்சுத்தான் போடுது."

"தேதிங்க?"

"உன்னுதையே போட்டு உடு. கேட்டா மறக்காம சொல்லலாம்."

போட்டேன். என் பிறந்த நாளையும் மாதத்தையும் வருடத்தையும் பெரிய ஆங்கில எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக, கோடு தொடாமல். எழுதி முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்து அழகு பார்த்தது நினைவிருக்கிறது. பதினாலு வயதுப் போட்டி, பதினேழு வயதுப் போட்டி என்று பிள்ளைகளின் வயதை வெட்டி வெட்டியே வளர்ந்தது அந்த மன்றம். பந்துக்குக் காற்றடிப்பது போல, வயதில் காற்றிறக்குவது அங்கே ஒரு வழக்கம். ஆனால் இந்தப் போட்டிக்கு வயது வரம்பே கிடையாது. நாற்பது வயதுக்காரரும் ஆடலாம். படிவத்தின் அடியில் அது தெளிவாக அச்சாகியிருந்தது. அதற்கும் கீழே, பிறந்த தேதி பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும் என்றும் இருந்தது. மச்சானுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் படிக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட்டைச் சென்னைக் கம்பெனி முன்பே எடுத்துக் கொடுத்திருந்தது, பள்ளிச் சான்றிதழின்படி. அதில் ஜூன் முதல் தேதி. கரடியூரிலிருந்து பள்ளிக்குப் போன எல்லோரும் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள்தான். சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியருக்கு அது வசதியாக இருந்தது. சந்தை நாளன்று கோல்கீப்பர் வந்தார். மச்சான் பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"எங்கீங்க போடோணும்?"

"இங்க போடு கண்ணு."

"படிச்சுப் பாக்கோணுமுங்களா?"

"நாம் பாத்துட்டன். அப்பறம் உனக்கென்ன?"

"பாய் பாத்துட்டா சரிதானுங்க" என்று கோல்கீப்பர் தமிழில் கையெழுத்திட்டார்.

பட்டியல் வெளியானது. பிரதி ஒன்று டின்னுக்கு வந்தது. சிவப்பு அடிக்கோடு விழுந்தது, சட்டம் ஏறியது. முகாம் தொடங்கும் முன்பே ஏறியது என்பதைச் சொல்ல வேண்டும். முகாமுக்கு வழியனுப்பும் விழாவில் பஸ் படியில் நின்று மச்சான் இருபது நிமிடம் பேசினார். டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். கோல்கீப்பர் மாலையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, கையுறை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு முடிவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

அணி விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். குப்பனூர் சாலை வழியாக, காய்கறி லாரியில் ஏறி வந்தார். அந்த வழியில் வந்தால் பஸ் நிலையத்தில் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. சந்தை நாளில்தான் கடைக்கு வந்தார்.

"தேதி சேரலைன்னு சொல்லிப்போட்டாங்க பாய். லிஸ்ட்டுல ஒண்ணு, பாஸ்போட்ல ஒண்ணு. போட்டி நடத்தறவங்க ஒத்துக்க மாட்டாங்களாம். மாத்தறதுக்குக் கெடுவும் முடிஞ்சு போச்சுங்களாம். மூணாவது கோல்கீப்பர்தான, போனாப் போகுதுன்னுட்டாங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். மச்சான் மேசையில் ஓங்கி அடித்தார். "சதி கண்ணு! மலைக்காரன்னா அவங்களுக்கு எளக்காரம்! உடக் கூடாது இதை!"

விடவில்லை. பஸ் நிலையத்தில் கண்டனக் கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கி, மேடை, கறுப்புத் துணி எல்லாம் உண்டு. மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். சேர்வராயன் மலையின் மைந்தனுக்கு அநீதி என்று தொடங்கி, தில்லியின் வெயிலுக்கு எங்கள் பனி புரியாது என்று முடியும். நடுவில் மூன்று உவமைகள். மூன்றுக்கும் கைத்தட்டல் கிடைத்தது. எனக்குக் கிடைத்த முதல் கைத்தட்டல் அதுதான். தில்லிக் கால்பந்துச் சங்கத்து அதிகாரிகளைத் திட்டினோம். அந்த இருக்கையில் அவர்களில் ஒருவர் விமானம் ஏறினார் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ஏறியிருப்பார், ஏறாமல் என்ன? காலி இருக்கையைக் கண்டால் உட்காரும் சாதி அது. ஆனால் இருக்கையைக் காலி செய்து கொடுத்தவர்கள் ஏற்காட்டில் ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் மேடையில் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேதி என் கையால் மாறியது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பினேன். கோழைக்கு நம்பிக்கை சுலபமாக வரும்.

போட்டியைக் கடை டிவியில் பார்த்தோம். இரண்டாவது ஆட்டத்தில் நம் முதல் கோல்கீப்பருக்குத் தோள் இறங்கியது. மாற்றாக வந்தவர் உயரப் பந்துகளைத் தவறவிட்டார். வெளியே மழை. குடையை மடக்கிக்கொண்டு கரடியூர்க்காரர் வந்து நின்றார். திரையில் பந்து மூலையிலிருந்து வளைந்து வந்தபோது, அவருடைய இடது உள்ளங்கை தானாக விரிந்தது. விரல்கள் அகன்று, மணிக்கட்டு லேசாகப் பின்வாங்கி. பந்து திரையில் வலைக்குள் போனது. கை மூடியது.

"பாத்தியா! நம்ம கண்ணு நின்னிருந்தா உட்டிருப்பானா?" என்றார் மச்சான்.

"உப்பு ஒரு கிலோ போடுங்க பாய்" என்றார் கோல்கீப்பர்.

கம்பெனி வேலை புதுப்பிக்கப்படவில்லை. அவர் சரிவு நிலத்துக்கே திரும்பினார். பிறகு வாரம் தவறாமல் அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்று சாமான் வாங்கினார். ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. சுற்றுலாக்காரர் இருந்தால் மச்சான் அவரையே சுட்டிக் காட்டுவார், "இவருதானுங்க அவரு." அவர் சீரகத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். என் பிறந்தநாளுக்கு, காப்பி பூக்கும் மாதத்தில், அக்கா கடைக்கே சேமியா பாயசம் அனுப்புவாள். அன்று கடையில் யார் நின்றாலும் ஒரு டம்ளர் உண்டு. அவருக்கும் அந்தப் போட்டிக்கு முன்பும் பின்பும் பல வருடங்கள் என் கையால் கொடுத்திருக்கிறேன். "நல்லா இருங்க தம்பி" என்று குடித்துவிட்டுப் போவார்.

நான் ஊர் ஊராக மாறினேன், வேலை வேலையாக மாறினேன். நாலு புத்தகம் எழுதினேன். நேர்மை என்ற சொல் அவற்றில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கக் கூசுகிறது. போன வருடம் மச்சான் மவுத்தானார். அடக்கத்துக்கு ஊரே திரண்டு வந்து, விளையாட்டை வளர்த்த மனிதர் என்றது. கடையை வாடகைக்கு விட்டாயிற்று. தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவு செய்யும் ஒருவர் எடுத்துக்கொண்டார். சாமான்களை ஒழிக்க அக்கா என்னைக் கூப்பிட்டாள். சட்டத்தைக் கழற்றினேன். சுவரில் அதன் அளவுக்கு வெளுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தது. கோல்கீப்பருக்குச் சொல்லியனுப்பினேன். கொடுத்துவிட வேண்டும், கொடுக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று திட்டம். இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வழக்கம் போல அழகான வாக்கியங்கள்.

மொபெட்டில் வந்தார். தலை நரைத்துவிட்டது, கைகள் அப்படியே இருந்தன. சட்டத்தை நீட்டினேன். வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பெயரைப் படிப்பார் என்று பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தை விரலால் அளந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கண்ணாடி எனக்கு வேணுமுங்க. எங்க அய்யன் போட்டோவுக்குக் கண்ணாடி ஒடஞ்சு நொம்ப நாளா சும்மா கெடக்குது. அளவு சரியா இருக்கும்."

"சட்டமே உங்களுக்குத்தானுங்கண்ணா."

"சட்டம் வேண்டாமுங்க. செல்லரிச்சுப் போச்சு."

பின்பக்கத்து ஆணிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மடக்கினார். கண்ணாடியை உருவி, தோளில் இருந்த துண்டில் துடைத்தார். அப்போதுதான் நான் ஆரம்பித்தேன். "அண்ணா, அந்தப் படிவத்துல நாந்தான்..."

"தெரியுமுங்க."

"எப்ப?"

"கேம்ப்லயேங்க. ஆபீசர் ரெண்டு தேதியையும் படிச்சுக் காட்டி இதுல எது உன்னுதுன்னு கேட்டாரு. ஒண்ணு வாத்தியாரு போட்டது. இன்னொண்ணைக் கேட்டதும் எனக்கு உங்க ஊட்டுப் பாயசம் ஞாபகம் வந்துருச்சுங்க." சிரித்தாரா என்று தெரியவில்லை, உதடு அசைந்தது. "ரெண்டும் என்னுது இல்லீங்க. நாம் பொறந்தது சாமை அறுப்பு சமயத்துலன்னு எங்க அய்யன் சொல்லுவாரு. அந்தப் படிவத்துல அதுக்குக் கட்டமில்லை."

"அப்பவே கேட்டிருக்கலாமேங்கண்ணா. மேடையில சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் நொம்ப நல்லா எழுதியிருந்தீங்களே" என்றார்.

கண்ணாடியைத் துண்டில் சுற்றி மொபெட்டின் முன்பக்கம் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். நான் தாளோடு நின்றேன். வண்டியைக் கிளப்பிவிட்டு, எதையோ மறந்தவர் போலத் திரும்பிப் பார்த்தார்.

"அதுல இருக்கறது உங்க தேதிங்க தம்பி. நீங்களே வெச்சுக்கங்க."

வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் இதை எழுதும் மேசையில் அந்தத் தாள் இருக்கிறது. கண்ணாடி இல்லாததால் காற்றுக்குப் படபடக்கிறது, மசிப்புட்டியைப் பாரமாக வைத்திருக்கிறேன். இருபது பெயர்கள். மூன்றாவது வரியில் அவர் பெயர், ஆடும் இடம் கோல், அதற்கு அடுத்த கட்டத்தில் நான். காப்பி பூத்துவிட்டது. நாளை மறுநாள் அக்கா பாயசம் வைத்து அனுப்புவாள்.