கோவில்பட்டிக்குக் கடலைக் கொண்டுவந்த அந்தோணி அண்ணாச்சி

அந்தோணி அண்ணாச்சி போய்விட்டார்.

காலையில் தூத்துக்குடியிலிருந்து அவருடைய மச்சினன் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே... அவ்வளவுதான் சொன்னான். நாளைக்கு அடக்கம்.

உங்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. எண்பதுகளில் கோவில்பட்டி - தூத்துக்குடி ரூட்டில் ஓடிய ஒரு பிரைவேட் பஸ்ஸின் டிரைவர். நான் அதே வண்டியில் கண்டக்டர்.

அவர் மனைவி லூர்து மதினி கடற்கரைக்காரர். கல்யாணமாகி இந்தக் கரிசலுக்கு வந்தவர். மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்புறம் கட்டில்தான். பஸ் ஏறி ஊருக்குப் போய்க் கடலைப் பார்க்கிற நிலைமை இல்லை.

அதனால் அண்ணாச்சி கடலை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். வெள்ளை பிளாஸ்டிக் கேன்களில்... நிஜமான கடல் தண்ணீர்.

மதினியின் தம்பி சங்கு குளிக்கிறவர். கரையோரத் தண்ணீர் ஆகாது என்று வள்ளத்தில் தள்ளிப் போய் மொண்டு வந்து கொடுப்பார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டு வருவோம்.

எட்டயபுரத்தில் ஏறிய ஓர் ஆச்சி ஒருநாள் கேனை மோந்து பார்த்தார். "ஏய்யா டிரைவரு, இது என்னது? சாராயமா?"

"கடல் தண்ணி ஆச்சி."

"இங்கன குடிக்கவே தண்ணியக் காணோம். ஒமக்குக் கடல் தண்ணி கேக்குதோ!"

பஸ்ஸே சிரித்தது. அண்ணாச்சியும்தான்.

மதினியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த முதல் மீன்தொட்டிக்கு இரும்புச் சட்டம். உப்பு அதைத் தின்றுவிட்டது. ஒருநாள் வீடெல்லாம் தண்ணீர். அடுத்தது வெறும் கண்ணாடியை ஒட்டிச் செய்தது. அதில் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே மீனையும் விட்டார். மூன்றே நாளில் எல்லாம் மிதந்தன.

எங்கள் பஸ்ஸில் வழக்கமாக வரும் ஒரு சார், மீன் ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. அவர்தான் விவரம் சொன்னார். அடியில் மணல், அதன் மேல் கடலுக்குள் கிடந்த கல், காற்று விடுகிற சின்ன மோட்டார்... ஒரு மாசம் அப்படியே ஓடவேண்டும். அதற்குப் பிறகுதான் மீன்.

ஒரு மாசம்! "வெறுங்கல்லுக்குக் காவல் இருக்காவ இவிய" என்று மதினி கேலி செய்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பிக்காரர் ஒரு கடல் சாமந்தியும் இரண்டு மீனும் கொண்டுவந்தார். கடல் சாமந்தி என்றால் பூ இல்லை, உயிர். கல்லில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக அசையும். அந்த விரல்களுக்குள்ளேதான் அந்த மீன்கள் குடியிருக்கும். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால்.

மதினி கட்டிலிலிருந்து கையை நீட்டிக் கண்ணாடியில் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்த முகம்...

இனி எழுதப் போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கோடையில் அண்ணாச்சிக்குக் குடலிறக்க ஆபரேஷன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருபது நாள். தொட்டியை என்னிடம் விட்டுப் போனார். கண்ணாடியில் ஒரு கோடு போட்டிருந்தார். "ஏலே பரமசிவம், கோட்டுக்குக் கீழ தண்ணி எறங்குனா நல்லதண்ணி ஊத்து. மறந்துராத, என்னா?"

நல்லதண்ணி! குழாயில் வாரத்துக்கு ஒரு தடவை வரும். மதினிக்குப் பக்கத்து வீட்டம்மாதான் ஒரு குடம் பிடித்து வைப்பார். அந்தக் குடத்திலிருந்தா மீனுக்கு ஊற்றுவது? கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று, மூலையில் இருந்த கேன்களைத் திறந்து ஊற்றினேன். தினமும். ஒரு குடம் தண்ணீரை மிச்சம் பிடித்துக் கொடுத்த பெருமை வேறு எனக்கு.

வெயிலில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. உப்பின் மேல் உப்பாக ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

சாமந்தி சுருங்கியது. பிறகு கரைந்தது. தண்ணீர் பால் மாதிரி ஆனது. ஒரு மீன் காலையில், இன்னொன்று சாயங்காலம். இரண்டையும் மதினி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதண்ணிக்குப் பதிலாகக் கேன் தண்ணீரை ஊற்றியதைச் சொல்லி நான் அழுதேன். அவர் சொன்னார், "அவியகிட்ட ஒண்ணும் சொல்லாத தம்பி. கரண்ட்டு போயி மோட்டரு நின்னுட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

மறுநாள் அண்ணாச்சி வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். மதினி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே, உப்பைப் பார்க்க வைத்திருந்த லாக்டோமீட்டரைத் தண்ணீரில் விட்டார். பால்காரர்கள் வைத்திருக்கும் அதே கண்ணாடிக் குழாய்; உப்பு கூடினால் மேலே எழும்பும். வழக்கத்தை விட உயரத்தில் மிதந்தது.

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்த ஊருல கரண்ட்டு என்னைக்கு ஒழுங்கா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

மறுபடியும் கேன், மணல், கல். மறுபடியும் ஒரு மாசக் காவல். மீன் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மதினிக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கைப் புண்ணிலிருந்து என்றார்கள். நான்கே நாள்...

வெறும் தண்ணீரையும் கல்லையும் பார்த்தபடிதான் அவர் போனார்.

காரியமெல்லாம் முடிந்து, அண்ணாச்சி அந்தத் தண்ணீரைத் திரும்பக் கேன்களில் மொண்டு பஸ்ஸில் ஏற்றினார். தெருவில் கொட்டினால் என்ன என்று கேட்டேன். "இங்கன ஊத்துனா மண்ணு கெட்டுப்போவும்லே" என்றார். தூத்துக்குடியில் ஒவ்வொரு கேனாகக் கடலில் கவிழ்த்தார். நான் மூடியைத் திறந்து திறந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் ஒன்றாக வண்டி ஓட்டினோம். அவர் கேட்கவே இல்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணாச்சி, அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. நான்தான்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.