சகுனத்துக்கு ஒரு வாய் தண்ணீர்

காணை கிராமத்துத் தாண்டவராயனுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. வாய் மட்டும் சூம்பவில்லை. அது இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஓடும். 1961-இல் திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்து, கம்பு ஊன்றிக்கொண்டு விடுதிக்கு வந்தான்.

சாதாரண நாளில் எல்லோரும் அவனோடு உட்கார்ந்து மல்லாட்டை கொறித்து அரட்டை அடிப்பார்கள். பரீட்சை வந்துவிட்டால் போதும், அவன் அபசகுனமாகிவிடுவான். புறப்படும்போது நொண்டி எதிரே வந்தால், திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டுமாம். நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவர்களின் லட்சணம் இது! அரையாண்டுத் தேர்வில் உடன் படித்த விருத்தாசலம் தோற்றதற்கு, அன்று காலை தாண்டவராயன் முகத்தில் விழித்ததுதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். விருத்தாசலம் புத்தகத்தில் விழிக்காததைப் பற்றி யாரும் பேசவில்லை.

விடுதி வார்டன் தாண்டவராயனைக் கூப்பிட்டார். "முழுப் பரீட்சைக்கு எல்லாரும் போனப்புறம் நீ கெளம்புப்பா. எதுக்கு பேஜாரு?"

தேர்வு மண்டபம் ஒரு மைல் தள்ளி இருந்தது. மணி அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியில் கிளம்பினால் அவன் நடைக்கு அந்த வருஷப் படிப்பே போய்விடும். அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வர, கம்பை ஊன்றிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டான்.

பரீட்சை அன்று விடிந்ததும் கிளம்பிவிட்டான். மற்றவர்கள் வந்தபோது மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், காவலாளியிடம் கேட்டு வாங்கிய ஒரு குடம் தண்ணீரும் குவளையும். கூட்டம் அப்படியே நின்றது. விடுதிக்குத் திரும்பிப்போக நேரமில்லை.

"ஏன் நின்னுக்கினு இருக்கீங்க? அவ்ளோ தூரம் போவ வேணாம். இங்கயே உக்காந்து ஒரு வாய் குடிச்சிட்டு ஜல்தியா உள்ள வாங்க" என்றான்.

முதலில் சிரித்தவன் விருத்தாசலம்தான். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், உட்கார்ந்து குடித்தேவிட்டான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. மணி அடித்தபோது எல்லோரும் உள்ளே இருந்தார்கள், தாண்டவராயனும்தான்.

முடிவு வந்த அன்று விருத்தாசலம் ஓடி வந்தான். "பாஸுடா! உன் மொகம் நல்ல ராசி. அடுத்த பரீட்சைக்கும் நீதான் வாசல்ல உக்காரணும்."

"ஏன்டா, போன தபா மூதேவி, இந்த தபா மகாலட்சுமியா? ராசியும் வேணாம், தோஷமும் வேணாம். நானும் உங்கள மாதிரி பரீட்சை எழுத வந்தவன்டா. கூட வர்றதுன்னா வா."

விருத்தாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அடுத்த பரீட்சைக்கு இருவரும் விடுதியிலிருந்து ஒன்றாகவே கிளம்பினார்கள். வழி முழுக்க விருத்தாசலம் தாண்டவராயன் நடைக்கே நடந்தான்.