அடிபடாத வண்டி

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒன்றை எழுதி முடிப்பதற்குள் அடுத்தது மறந்துபோகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அப்படிப் பேசியது இந்த வயதுக்கு ஒரே ஒரு தடவைதான். அதைத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் வத்தல் மண்டி வைத்திருந்தார். வியாபாரம் நன்றாக நடந்த ஒரு வருஷம், குற்றாலத்துக்கு மேலே ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி வந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கறுப்பு நிறம். அவர் இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவித் துடைப்பார். அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து வண்டி என் பேருக்கு மாறியது. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். சும்மா நின்று துருப்பிடிக்கிறதே என்று விற்க ஏற்பாடு செய்தான்.

உள்ளூர்த் தரகர் ஒருவர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிறவராம். ஐம்பது வயது இருக்கும், மரியாதையான மனிதர். கையில் ஒரு சின்ன காந்தம் வைத்திருந்தார். கதவு, மட்கார்டு, பானெட்டு என்று ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தார். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் பிடிக்காதாம். எல்லா இடத்திலும் பிடித்தது. விலை பேசி முடிந்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நான் சூடம் கொளுத்தி எடுத்து வந்தபோது அவர் கடைசியாக ஒன்று கேட்டார்.

“ஏனுங்கம்மா, வண்டி எங்கயாச்சும் அடிபட்டிருக்குதுங்களா?”

தரகர் முந்திக்கொண்டார். “அடியா? அண்ணாச்சி மாட்டுவண்டிக்கே ஒதுங்கி நின்னு வழிவிடுவாக சார். தலப்பிள்ள மாதிரில்லா வச்சுருந்தாக.”

“அம்மா சொல்லட்டுங்க” என்றார் அவர்.

“அப்படி ஒண்ணும் இல்ல” என்றேன்.

அது பொய்.

வீட்டிலிருந்து ஒரு பொருள் வாசலைத் தாண்டும் நேரத்தில், அதுவும் சூடம் எரியும்போது, சாவைப் பற்றி வாயைத் திறக்கமாட்டோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அதன் பேரில் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் கையில் சூடத்தட்டு இல்லாமல் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் இருந்ததை ஒரு அசலூர்க்காரர் கேட்டதும் எப்படிச் சொல்வது?

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண் பிள்ளை. மகன் ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது இளையரசனேந்தலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்தக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மாதம். மழையில் கரிசல் மண் ரோட்டுக்கு இறங்கி வழவழவென்று கிடந்தது. மகள் முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வளைவு வந்தால் ஹாரன் அடிக்கிற வேலையை அவரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். நான் குழந்தையோடு பின்னால் இருந்தேன். திருவேங்கடம் வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். அவள் ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது. வண்டி வழுக்கிப் பாலத்துச் சுவரில் மோதியது. எங்கள் மூன்று பேருக்கும் காயம்தான். அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வீட்டிலும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மகன் வளர்ந்து கேட்டபோது, அக்கா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னோம். ஊரில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் முகத்துக்கு எதிரே யாரும் சொன்னதில்லை.

காரைத் திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். பட்டி பூசக் கூடாது, தகடு வெட்டித்தான் பொருத்த வேண்டும் என்று கூடவே நின்று செய்ய வைத்தாராம். கோயம்புத்தூர்க்காரரின் காந்தம் பிடித்ததற்கு அதுதான் காரணம். அந்த வண்டியை ஏன் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. நான் மறுபடி அதில் ஏறவில்லை. அவரும் ஏறச் சொல்லவில்லை.

விற்று ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். வக்கீல் நோட்டீஸ் வந்தது. கோயம்புத்தூரில் பெயிண்டைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது முன்பக்கச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், வெட்டி ஒட்டியிருந்ததாம். அடிபடாத வண்டி என்று பொய் சொல்லி விற்றுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தது. மகன் லீவு போட்டு வந்தான். கோபமாக இருந்தான்.

“வாங்கிட்டுப் போயி இப்ப வெலயக் கொறைக்கப் பாக்கான். நீயே சொல்லும்மா, அப்பா இந்த வண்டிய எங்கயாவது இடிச்சிருக்காகளா?”

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

கேஸ் எங்கள் ஊர்க் கோர்ட்டிலேயே நடந்தது. முதல் பிரதிவாதி நான். இரண்டாவது அந்தத் தரகர். எங்கள் வக்கீல் ஒரு பெண். “ஆச்சி, நீங்க வந்து உக்காந்தாப் போதும். பேசவேண்டியத நான் பேசிக்கிடுதேன்” என்றார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. பல வாய்தா போன பிறகு, இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சமரசத்துக்கு அனுப்பினார்கள்.

கோர்ட்டு வளாகத்திலேயே அதற்கு ஒரு அறை. நீள மேசை, சுற்றி நாற்காலிகள். பேசி வைப்பதற்கு ஒரு மூத்த வக்கீல் ஐயா. இந்த அறையில் பேசுவது வெளியே போகாது, பயப்படாமல் பேசலாம் என்று முதல் நாளே சொன்னார். மகனும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் பேசினார்கள். தரகர் சும்மா இருக்கவில்லை. “எழுவது, எம்பது வருசத்து வண்டியில ஒட்டுப்போடாம இருக்குமா? மனுசனுக்கே இப்ப பல்லு, முட்டி எல்லாம் மாத்தித்தானே ஓட்டுதோம்” என்றார். கோயம்புத்தூர்க்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சு கொஞ்சம் இளகியது. வண்டி அவரிடமே இருக்கட்டும், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை நாங்கள் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது.

மூன்றாம் நாள் ஒப்பந்தத்தை இங்கிலீஷில் டைப் அடித்து வைத்திருந்தார்கள். ஐயா ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: இந்த வாகனம் முன்பு விபத்தில் சிக்கியது விற்றவருக்குத் தெரியாது, அவர் நல்லெண்ணத்தோடு விற்றார்.

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள். என் பேரை எனக்கு எழுதத் தெரியும். முதல் எழுத்தை எழுத முடியவில்லை. தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அப்படி ஒரு பிள்ளை எனக்கு இல்லவே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வாயால் இல்லை என்றது வேறு. இது கோர்ட்டில் இருக்கப்போகிற பேப்பர்.

“அந்த மூணாவது பத்தி வேண்டாம்” என்றேன்.

வக்கீலம்மா என் காதுப் பக்கம் குனிந்தார். “அதுதான் ஆச்சி உங்களுக்குப் பாதுகாப்பு. அத எடுத்தா தெரிஞ்சே வித்த மாதிரி ஆயிரும்.”

“தெரிஞ்சுதான் வித்தேன்.”

“செத்த சும்மா இருங்க ஆச்சி” என்றார் வக்கீலம்மா.

“முடிஞ்ச சோலியப் போட்டுக் கிண்டாதீய” என்றார் தரகர்.

ஐயா கையைக் காட்டி இரண்டு பேரையும் நிறுத்தினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கல்யாணம், மழை, பாலம், ஹாரன் எல்லாம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. குரல் வெளியே வந்ததா என்றுகூடச் சந்தேகம். நிமிர்ந்தபோது தரகர் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார். கோயம்புத்தூர்க்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மகன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனான். பெஞ்சில் வேறு கேஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக நின்றோம்.

“அக்கா காய்ச்சல்ல சாகலன்னு எனக்குத் தெரியும்மா. ஆறாப்புல ஒருத்தன் சொன்னான், கார்ல அடிபட்டுன்னு. நீங்க ரெண்டு பேரும் சொல்லலையா, நானும் கேக்கல.” பெஞ்சுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, “ஆனா அந்தக் காரு வேறன்னு நெனச்சேன். இந்தக் கார்லயா என்ன முன்னால உக்கார வச்சுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாக?” என்றான்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கோயம்புத்தூர்க்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் ஐயாவிடம்தான் பேசினார். “போன மாசம் பேத்திய அந்தச் சீட்டுல உக்கார வச்சுப் போட்டோ எடுத்தேனுங்க. இனி அந்த வண்டிய நான் வச்சுக்க முடியாதுங்க சார்.”

முடிந்த பேச்சு எல்லாம் அதோடு போயிற்று. மறுபடி முதலிலிருந்து பேசினார்கள். வண்டியை அவர் திருப்பித் தருவது, வாங்கிய பணம் முழுவதையும் நாங்கள் கொடுப்பது, அதற்கு மேல் யாரும் யார் பேரிலும் கேஸ் போடுவதில்லை என்று ஆயிற்று. வண்டி விற்ற பணம் அதற்குள் செலவாகியிருந்தது. ஊருக்கு வந்து வீடு கட்டலாம் என்று மகன் வாங்கிப் போட்டிருந்த மனையை அதற்காக விற்றான். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மனை இருந்திருக்கும். அவன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

கையெழுத்துப் போடும் முன்னால் நான் இன்னொன்றும் கேட்டேன். வண்டி அடிபட்டதும், அதில் என் மகள் இறந்ததும், எனக்கு அது தெரியும் என்பதும் பேப்பரில் வர வேண்டும் என்றேன்.

“ஒப்பந்தத்துக்கு அது தேவையில்லம்மா” என்றார் ஐயா.

“இருக்கட்டும் ஐயா. அவள நாங்க எங்கயுமே எழுதி வைக்கல.”

“எழுதுங்க சார்” என்றார் கோயம்புத்தூர்க்காரர். “நாளைக்கு வேற ஒருத்தரு வாங்கினாலும் தெரியோணுமில்லீங்க.”

ஐயா பேரைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பேரை நான் சத்தமாகச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது. பக்கத்தில் மகன் நின்றான். அவன் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. வயதைக் கேட்டார். ஒன்பது என்றேன். டைப் அடித்தார்கள். ஐயா தமிழில் சொல்லிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வண்டி லாரியில் ஏறி வந்து பழைய இடத்தில் நிற்கிறது. என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. யாராவது கேட்டு வந்தால் பேப்பரைக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். மகன் சென்னைக்குப் போய்விட்டான். அதன் பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அவள் பிறந்தது கார்த்திகை. போனது ஐப்பசி. எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது, ஒன்பது முடிய ஒரு மாதம் இருந்தது. நாங்கள் நடப்பு வயதைத்தான் சொல்வோம். கோர்ட்டில் முடிந்த வயதைத்தான் எழுதுவார்கள் என்கிறார்கள். பேப்பரில் வயதை எண்ணாகப் போடாமல் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருக்கிறார்கள்; எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஐயா சொல்லிக் காட்டியதில் வயது என்ன வந்தது என்றும் நினைவில்லை. வக்கீலம்மாவை மறுபடி தொந்தரவு செய்யக் கூச்சமாக இருக்கிறது. மகனிடம் இதைக் கேட்கவும் மனம் வரவில்லை.

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பேப்பரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பேரில் எழுத்து சரியாக இருக்கிறதா, வயது என்ன போட்டிருக்கிறது, பாலம் திருவேங்கடத்துக்கு முன்னால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது என்று இருந்தால், கையெழுத்துப் போட்ட பிறகும் திருத்த முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.