ஒட்டுக்கேட்ட அல்பினா

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் மாவட்டத்துப் பெரிய மனிதர்களைப் பற்றி நூலகத்தார் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். ஒரு செனட்டர், இரண்டு ஜெனரல்கள், ரயில் பாதை போட்ட ஒருவர். அல்பினா வோந்த்ராவின் பெயர் இல்லை. வயிறு எரிகிறது எனக்கு. அதனால் நானே எழுதுகிறேன்.

செக் நாட்டிலிருந்து வந்த குடும்பம். முப்பது வயதில் விதவையானவள். கோழி வளர்த்தாள், மிச்ச நேரமெல்லாம் ஒட்டுக்கேட்டாள். எங்கள் பக்கம் ஒன்பது பண்ணை வீட்டுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. யார் பேசினாலும் மற்றவர்கள் எடுத்துக் கேட்கலாம். கேட்பது கேவலம் என்று எல்லோரும் சொல்வோம். அல்பினாவோ மணி அடிக்காதபோதும் எடுத்துப் பார்ப்பாள்.

"அத்தை, உங்க காதுக்கு ஓய்வே கிடையாதா?" என்று ஒருமுறை போனில் பாதிப் பேச்சில் கத்தினேன்.

"நான் ஒண்ணும் கேக்கலடி மில்லி. உங்க அம்மா மூட்டுவலிக்கு முட்டைக்கோஸ் இலையைக் கட்டச் சொல்லு."

1949 ஜனவரி. பனிப்புயல் நின்ற மறுநாள். என் கணவர் லாடி டவுனில் சிக்கிக்கொண்டார். எட்டு மாத வயிற்றோடு வாசற்படியில் வழுக்கி விழுந்தேன். சமையலறைக்குத் தவழ்ந்துபோய், சுவர்த் தொலைபேசியின் கம்பியை இழுத்தேன். ரிசீவர் தொங்கியது. மணியடிக்கும் கைப்பிடி எட்டவில்லை. வலி வந்துவிட்டது. பிள்ளை போய்விடும் என்று அழுதேன்.

அரைமணி கழித்து ரிசீவரில் ஒரு குரல். "யாரு முனகறது? அட, இருமுற மாதிரி அடிக்குதே, இது லாடி வீட்டுக் கடிகாரமாச்சே! மில்லி, நீதானே?"

"விழுந்துட்டேன் அத்தை..."

"பயப்படாதடி!" எல்லா வீட்டுக்கும் நீளமாக மணி அடித்தாள். "யாராவது டாக்டரைக் கூட்டிக்கிட்டு மில்லி வீட்டுக்குப் போங்க! டிராக்டரை எடுங்க, சோம்பேறிகளா!"

இரண்டு மணி நேரம் பேச்சை நிறுத்தவேயில்லை. யார் சூப்பில் உப்பில்லை, எவன் பல் கட்டியிருக்கிறான் என்று எல்லா வீட்டு ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டாள். வலியிலும் சிரித்தேன்.

டாக்டர் வந்த பத்தாவது நிமிடம் பிள்ளை பிறந்தான். சத்தமேயில்லை. டாக்டர் முதுகில் தட்டினார். மறுபடி தட்டினார். வீல் என்று கத்தினான். அப்பாடா! என் உயிர் திரும்பி வந்தது.

தொங்கிய ரிசீவருக்குள் ஒரே ஆரவாரம். கைதட்டல், ஓவென்று அழுகை. ஒருவரும் போனை வைக்காமல், மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

"வெக்கமா இல்ல? அடுத்தவங்க வீட்டுப் பேச்சையா கேக்கறீங்க? வைங்க எல்லாரும்!" என்று சீறினாள் அல்பினா.

டக், டக்கென்று ஏழு வீட்டிலும் வைத்தார்கள்.

அவள் வைக்கவில்லை. "அவன் அழட்டும்டி, தடுக்காத," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்."