எங்கள் அண்ணாவும் அவர் விட்டுப்போன கழகமும்

அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது, ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உறவினர்களிடமும் நண்பர்களிடமும் விசாரித்தேன். எல்லோரும் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றியே சொன்னார்கள். ஆகவே வாசிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். அண்ணாவின் சரித்திரம் என்று நான் தொடங்கியது, தொழில்முறை லீக்கின் கடைசிப் பிரிவில் ஆடும் ஒரு கழகத்தின் சரித்திரமாக வந்து முடிந்திருக்கிறது.

படத்திலும் இதே கரைச்சல். முகப்பில் போடுவதற்கு அவர் நேராகப் பார்க்கும் படம் ஒன்று வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த எல்லாப் படங்களிலும் மைதானத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். மகளின் பிறந்தநாள் படத்தில்கூடக் கேக்கைப் பார்க்காமல் தொலைக்காட்சியைப் பார்க்கிறார். கடைசியில் சாரதி அனுமதிப்பத்திரத்தில் இருந்த படத்தைப் பெருப்பித்துப் போட்டிருக்கிறோம்.

அண்ணா பருத்தித்துறைக்கு அருகே எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நாட்டு நிலைமையால் படிப்பை இடையில் விட்டுத் தனியாகக் கனடா வந்தார். ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, எங்களை ஒவ்வொருவராக இங்கே கூப்பிட்டார். அதற்கு நாங்கள் சாகும்வரை கடமைப்பட்டவர்கள். அவரைப் போல் ஒரு சகோதரன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கழகம் பிறந்தது அவருடைய கலியாண நாளில். றிச்மண்ட் ஹில் கோவிலில் தாலி கட்டிய மாப்பிள்ளை, சாப்பாட்டுப் பந்தியிலேயே ஊர் நண்பர்களைச் சேர்த்துக் கூட்டம் வைத்தார். அண்ணி கூறைச் சேலையோடு காரில் காத்துக்கொண்டிருந்தார். செயலாளர் தெரிவு முடிந்ததும் வருவதாக மாப்பிள்ளை ஆள் அனுப்பினார். அண்ணி அன்றைக்கே இறங்கிப் போயிருக்கலாம் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பழைய மாணவர் போட்டிகளில் ஆடித் திரிந்த அந்த அணி, பிறகு லீக்குக்குள் நுழைந்தது. தொழில்முறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆட்டக்காரருக்குக் கிடைத்தது காருக்குப் பெற்றோலும் கொத்துரொட்டியும்தான். வீடு விற்கும் தரகர் ஒருவர் உரிமையாளராக வந்து, கழகத்தின் பெயரையும் சீருடையின் நிறத்தையும் மாற்றினார். அடுத்த வருடம் ஆளையே காணவில்லை. ஸ்காபரோவில் மைதானம் பறிபோனதும் ரெக்ஸ்டேலுக்குப் போனார்கள். அதுவும் சரிவராமல் ஒஷாவாவுக்குப் போனார்கள். பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆட்டக்காரரின் தாய்மார்.

பிறகு அண்ணாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. குளிரில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்தார்கள். அணியில் ஒரு தம்பிக்கு மொன்றியலில் கலியாணம். ஐயர் முகூர்த்தம் குறித்தார், மண்டபம் எடுத்தார்கள், ஆனால் அன்றைக்கு ஆட்டம் இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. அணியில் பாதிப் பேர் மாப்பிள்ளையோடு போய்விட்டார்கள். ஒஷாவாவுக்கு வந்தவர்கள் ஆறு பேர். ஏழு பேர் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஏற்கனவே ஒருமுறை ஆள் காணாமல் ஆட்டத்தைக் கைவிட்டிருந்ததால், இன்னொருமுறை அப்படி நடந்தால் லீக்கில் இடமே போய்விடும்.

அண்ணி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "உம்மட அண்ணர் கோலுக்குள்ள நிக்கிறாராம். என்னால ஏலாது, நீர் போய்ப் பாரும்."

ஒவ்வொரு வருடமும் தன்னையும் ஒரு கோல்காப்பாளராகப் பதிந்து வைத்திருந்தாராம். எங்களுக்கு இது தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒஷாவாவில் மழை. கோலுக்குப் பின்னால் குடையோடு நின்றேன்.

"அண்ணா, வெளியால வாங்கோ."

"பொறு பிள்ளை. நான் வந்தா ஆட்டம் முடிஞ்சுது."

"முடியட்டுமன். உங்கட உயிரைவிட உது பெரிசோ?"

"நீ பின்னால நிண்டு கதைச்சா எனக்குப் பந்து தெரியாது."

முன்னால் வந்த பந்துகளும் அவருக்குத் தெரியவில்லை. எத்தனை கோல் விழுந்தது என்று இங்கே எழுதி அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆட்டம் முடிந்தது, கழகத்தின் இடம் தப்பியது. நடுங்கிக்கொண்டு வந்து காரில் ஏறியவருக்கு அவ்வளவு சந்தோசம். வீடு வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.

மாசி மாதத்தில், வைத்தியசாலையில், அண்ணி பக்கத்தில் இருக்க அவருடைய இருதயம் நின்றது. மழையில் நின்றதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் இன்னும் நம்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் கழகத்தை மூடிவிட வேண்டும் என்று நானும் அண்ணியும் முடிவெடுத்தோம். அண்ணா வகித்த தலைவர் பதவிக்கு ஒருவரும் முன்வரவில்லை. லீக் கூட்டத்தில் விலகுகிறோம் என்று சொல்லிவிட்டு வர நான் போனேன். வாயைத் திறப்பதற்குள், எங்கள் முடிவை எப்படியோ கேள்விப்பட்டிருந்த இன்னொரு கழகத்துக்காரர், "நல்ல முடிவு. நீங்கள் போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. யார் சொன்னது நாங்கள் விலகுகிறோம் என்று, வைகாசியில் எங்கள் அணி வரும், நான்தான் தலைவர் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று இன்றுவரை தெரியாது.

காரில் இருந்து அண்ணிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"உமக்கும் விசரே?" என்றார். பிறகு, "சரி, பெடியளின்ர விளையாட்டு உடுப்புகளைக் கொண்டுவாரும், தோய்ச்சுத் தாறன்."

அண்ணாவை இறுதிவரை பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பூதவுடலைச் சுமந்த ஆட்டக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அன்றைக்கு மட்டும் ஆட்டக்காரர் எல்லோரும் நேரத்துக்கு வந்திருந்தார்கள்.

இந்த வருடம் கழகம் கடைசி இடம். மைதானத்துக்கு அலைவது, ஆட்களைத் தேடிப் பிடிப்பது, தாய்மாரைச் சமாளிப்பது என்று வருடமே போய்விட்டது. ஆறுதலாக ஓரிடத்தில் இருந்து உங்களை நினைத்து அழுவதற்குக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அண்ணா. உங்கள் மேல் எனக்கிருக்கும் பெரிய கோபம் அதுதான்.